பாலைக்குச் சென்ற குழாய்



தண்ணீர் இல்லாத ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருகிறோம் என்று எவரேனும் முன்வந்தால், அவ்வூரார் அனைவரும் ஒருமுகமாக மகிழ்ந்து வரவேற்பர் என்றே நாம் எண்ணுவோம். வரலாறோ அவ்வாறு சொல்லவில்லை. வறண்ட நிலத்துக்குக் குழாய்வழி நீர் கொணரும் திட்டம் எங்கெல்லாம் பேசப்பட்டதோ, அங்கெல்லாம் நம்பினோரும் இருந்தனர், நகைத்தோரும் இருந்தனர், ஐயுற்றோரும் இருந்தனர். தாகத்தால் வாடியவர்களே அத்திட்டத்தை ஐயுற்றதும் உண்டு. அவர்கள் ஏன் அவ்வாறு எண்ணினர், அவர்தம் ஐயத்தில் எவ்வளவு நியாயம் இருந்தது, எவ்விடத்தில் அது நெறி தவறியது என்பவற்றை ஓர் உண்மை வரலாற்றின் துணைகொண்டு இவ்வுரையில் ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொள்வது ஆஸ்திரேலியக் கண்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள கூல்கார்டி, கால்கூர்லி என்னும் தங்கவயல்களின் வரலாறு. ஏறத்தாழ 530 கிலோமீட்டர் தொலைவிலிருந்து இவ்வூர்களுக்குக் குழாய்வழியே தண்ணீர் சென்றது. அத்திட்டம் 1896-ஆம் ஆண்டு முன்மொழியப்பட்டு, 1903-ஆம் ஆண்டு நிறைவெய்தியது. பிழைப்பைத் தேடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள், தங்கத்தை நம்பி, நீரற்ற நிலத்தில் குடியேறிய கதை இது. கோலார் தங்கவயலை அறிந்த தமிழ் மக்களுக்கு இக்கதை அயலாகத் தோன்றாது.

முதலில் அந்நிலத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். கால்கூர்லிப் பகுதியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 10 அங்குலமே. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் அங்கு இல்லை. நிலத்தைத் தோண்டினால் நீர் கிடைக்கும். ஆனால் பல இடங்களில் அது கடல்நீரினும் மிகுந்த உப்புடையது. நம் முன்னோர் வகுத்த ஐந்திணைகளுள் பாலை என்னும் சொல் அந்நிலத்துக்கு நன்கு பொருந்தும்.

ஆயினும் அது மக்களே இல்லாத நிலம் அன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக ஆதிக்குடிகள் அங்கு வாழ்ந்துவந்தனர். கருங்கற்பாறைகளில் இயற்கையாக அமைந்த குழிகளில் மழைநீர் தங்கும். அக்குழிகளின் வாயைக் கல்லாலும் தழையாலும் மூடி, வெயிலும் விலங்கும் நீரைக் கவராதபடி அவர்கள் காத்தனர். எந்த மரத்தின் வேரைப் பிளந்தால் நீர் சுரக்கும், எந்தப் பாறையில் எந்தப் பருவம் வரை நீர் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. ஓரிடத்தின் நீரை முற்றும் வற்றச் செய்யாமல் அளவோடு உண்டு, அடுத்த இடத்துக்குப் பெயர்வது அவர்தம் வாழ்க்கைமுறை. 1860-களில் சார்லஸ் ஹன்ட் என்பவர் கிழக்கு நோக்கி வழி கண்டபோது, அவ்வழிநெடுகக் கிணறுகளும் சிறு நீர்நிலைகளும் கைதிகளின் உழைப்பால் அமைக்கப்பட்டன. பின்னர்த் தங்கம் தேடி வந்தவர்கள் அவ்வழியையே பின்பற்றினர்.

1892-ஆம் ஆண்டு ஆர்தர் பெய்லி, வில்லியம் போர்டு என்னும் இருவர் கூல்கார்டியில் தங்கம் கண்டனர். மறு ஆண்டு பாட்ரிக் ஹன்னனும் அவர்தம் தோழர் இருவரும் கால்கூர்லியில் கண்டனர். செய்தி பரவியதும் கீழ்க்கரை நாடுகளிலிருந்தும் கடல் கடந்தும் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். மேற்கு ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 1891-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 50,000. பத்தாண்டுகள் கழித்து 1901-ஆம் ஆண்டில் அது 1,80,000-க்கும் மேல் உயர்ந்தது. வந்தவர்களுள் பெரும்பகுதியினர் சென்று தங்கியது நீரே இல்லாத உள்நாட்டில்.

அங்கு அவர்கள் தங்கத்தைக் கண்டனர், தண்ணீரைக் காணவில்லை. உப்புநீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரச் செய்து நன்னீராக வடிக்கும் பொறிகள் ஊரெங்கும் எழுந்தன. அவற்றுக்கு விறகு வேண்டும். அதனால் சுற்றுப்புறக் காடுகள் வெட்டப்பட்டன. வடித்த நீர் கேலன் கணக்கில் விலைக்கு விற்கப்பட்டது. பஞ்ச காலங்களில் ஒரு கேலனின் விலை ஒரு ஷில்லிங்குக்கு மேலும் சென்றது. குளிப்பது செல்வர்க்குரிய செயலாயிற்று. தங்கத்தை மண்ணிலிருந்து பிரிக்கவும் நீர் இல்லாமையால், தோண்டிய மண்ணைத் தட்டிலிருந்து தட்டுக்குச் சொரிந்து, காற்றில் தூற்றி எடுத்தனர். நம் உழவர் களத்தில் நெல் தூற்றுவதை ஒத்த செயல் அது. தூய்மையற்ற நீரும் கழிவும் கலந்து குடற்காய்ச்சலைப் பெருக்கின. கூடார மருத்துவமனைகளில் இளைஞர் பலர் மாண்டனர்.

இச்சூழலில் ஒட்டகக்காரர்களின் தொண்டு குறிப்பிடத்தக்கது. ஆப்கானியர் என்ற பொதுப்பெயரால் அவர்கள் அழைக்கப்பட்டனர். ஆனால் அவர்களுள் பலர் அக்காலப் பிரிட்டிஷ் இந்தியாவின் பலூசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் முதலிய பகுதிகளிலிருந்து சென்றவர்கள். குதிரையும் மாடும் செல்லவியலாத வழிகளில் உணவும் நீரும் சுமந்து, தங்கவயல்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்களே. எனினும், தொழுகைக்கு முன் கைகால் கழுவி நீரை அசுத்தப்படுத்துகின்றனர் என்று அவர்கள்மேல் பழி சுமத்தப்பட்டது. 1894-ஆம் ஆண்டு ஒரு நீர்நிலையில் எழுந்த தகராறில் ஒட்டகக்காரர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர் வழக்கில் விடுதலை பெற்றார். சுரங்க உரிமைச் சீட்டும் ஆசியருக்கு மறுக்கப்பட்டிருந்தது. நீர் குறைந்த இடத்தில் நீர்ச்சண்டை இனச்சண்டையாக மாறுவதற்கு அதிகக் காலம் வேண்டியதில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அரசாங்கமும் வாளா இருந்ததில்லை. பாறைகளின் அடிவாரத்தில் சுவரெழுப்பி மழைநீரைத் தேக்கிற்று. நிலத்தை ஆழத் துளைத்தும் பார்த்தது. நல்ல நீர் கிட்டவில்லை. 1896-ஆம் ஆண்டு இருப்புப்பாதை கூல்கார்டியையும் பின்னர்க் கால்கூர்லியையும் எட்டியது. இரயில் வண்டிகளில் நீர் சென்றது. பெருகிய மக்களுக்கும் இயந்திரங்களுக்கும் அது போதவில்லை.

அவ்வாண்டே முதலமைச்சர் ஜான் பாரஸ்ட், பாராளுமன்றத்தின் முன் ஒரு பெருந்திட்டத்தை வைத்தார். திட்டத்தை வகுத்தவர் தலைமைப் பொறியாளர் சார்லஸ் யெல்வெர்ட்டன் ஓகானர். அயர்லாந்தில் 1843-ஆம் ஆண்டு பிறந்து, நியூசிலாந்தில் பல்லாண்டு பணியாற்றி, 1891-ஆம் ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர் அவர். பிரிமாண்டில் துறைமுகத்தை அமைத்தவரும் அவரே. பெர்த் நகரின் அருகே டார்லிங் மலையில் ஹெலினா ஆற்றின் குறுக்கே மண்டாரிங் என்னுமிடத்தில் அணை கட்டுவது; அங்கிருந்து 30 அங்குல விட்டமுள்ள எஃகுக் குழாயில், எட்டு நீரேற்று நிலையங்களின் உதவியால், நாள்தோறும் 50 இலட்சம் கேலன் நீரைத் தங்கவயலுக்கு அனுப்புவது; இதுவே திட்டம். ஐம்பது இலட்சம் கேலன் என்பது இன்றைய கணக்கில் 2 கோடியே 27 இலட்சம் லிட்டர். நீர் தானாகப் பாயும் வழியும் அன்று அது. மலையடியிலிருந்து தங்கவயல் வரை ஆயிரம் அடிக்கு மேல் நீரை உயர்த்தவேண்டும். மதிப்பிட்ட செலவு 25 இலட்சம் பவுன். அது அக்குடியேற்ற நாட்டின் ஓராண்டு வருமானத்துக்கு ஏறத்தாழ இணையான தொகை. அதனைக் கடனாகவே பெறவேண்டும். அவ்வாறு செய்தால் ஆயிரம் கேலன் நீரை மூன்று ஷில்லிங் ஆறு பென்சுக்கு வழங்கலாம் என்று கணக்கிட்டனர்.

இனி, மக்கள் இதனை எவ்வாறு நோக்கினர் என்பதைக் காண்போம். எதிர்ப்பு ஒரே இடத்திலிருந்து வந்ததன்று. ஒரே காரணத்தால் எழுந்ததும் அன்று.

முதல் ஐயம் பணத்தைப் பற்றியது. தங்கம் என்பது நெல்லைப்போல் ஆண்டுதோறும் விளைவதன்று. இன்று இருக்கும் தங்கம் பத்தாண்டில் தீர்ந்துபோனால், குழாய் யாருக்கு நீர் கொடுக்கும்? தங்கம் தேடியவர் தம் ஊர் திரும்பிவிடுவர். கடனோ கடற்கரையில் நிலைகுடியாக வாழ்வோரின் தலையில் விழும். இக்கேள்வியைக் கேட்டவரைக் குறுகிய நோக்கினர் என்று ஒதுக்கிவிட இயலாது. சுரங்கம் தீர்ந்து பாழடைந்த ஊர்களை உலகம் முன்னரே கண்டிருந்தது.

இரண்டாவது ஐயம் செய்தொழிலைப் பற்றியது. அத்துணைத் தொலைவுக்கு, அத்துணை உயரத்துக்கு, அவ்வளவு நீரைக் குழாயில் ஏற்றியதாக அதற்குமுன் எடுத்துக்காட்டு இல்லை. ஆயிரக்கணக்கான இணைப்புகளில் நீர் கசிந்து மணலில் வீணாகாதா? ஹெலினா ஆறு அணையை நிரப்புமா? கடும் வெயிலில் குழாய் நீண்டும் சுருங்கியும் வெடிக்காதா? இவையும் அறிவுடையோர் கேட்கத் தகுந்த கேள்விகளே.

மூன்றாவது எதிர்ப்பு நலத்தைப் பற்றியது. நீர் வடித்து விற்றோருக்கும், நீர் சுமந்து விற்றோருக்கும் மலிவான குழாய்நீர் இழப்பைத் தரும் என்பது சொல்லாமலே விளங்கும். உப்புநீரைக் கொண்டே தாதுவை அரைக்கப் பழகிய சுரங்கங்களுக்கு, நன்னீரை எவ்வளவு வாங்குவோம் என்று முன்கூட்டி உறுதி சொல்ல விருப்பம் இருந்திருக்கக் காரணமில்லை.

நான்காவது எதிர்ப்பே மிக நுட்பமானது. அது தங்கவயல் மக்களிடையே இருந்த மனக்கசப்பு. அவர்கள் பெரும்பாலும் விக்டோரியா முதலிய கீழ்ப்பகுதிகளிலிருந்து வந்தவர்கள். பழைய குடிகள் அவர்களை 'அக்கரையார்' என்னும் பொருள்பட அழைத்தனர். எண்ணிக்கையில் மிகுந்திருந்தும், பாராளுமன்றத்தில் அதற்கேற்ற இடம் அவர்களுக்கு இல்லை. வரியோ அவர்கள் உழைப்பிலிருந்து மிகுதியாகச் சென்றது. 1898-ஆம் ஆண்டு, மேல்மண்ணில் தங்கம் தோண்டுவோரைப் பத்தடிக்குக் கீழே தோண்டக் கூடாதென்று தடுத்த விதியை எதிர்த்துக் கால்கூர்லி மக்கள் கொதித்தெழுந்தபோது, அங்கு வந்த பாரஸ்டைக் கூட்டம் சூழ்ந்து கூச்சலிட்டது. 1900-ஆம் ஆண்டு, தங்கவயலைத் தனி நாடாகப் பிரித்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சியோடு இணைக்கவேண்டுமென்று ஏறத்தாழ 28,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் விக்டோரியா அரசிக்குச் சென்றது. குழாய்நீரைத் தருவதும் இதே பெர்த் அரசாங்கந்தான். உரிமையை மறுக்கும் கை நீட்டும் கொடையை எவர்தாம் முழு மனத்துடன் ஏற்பர்? நீர் வேண்டும், ஆனால் அந்நீருக்காக அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டவராக வேண்டா என்னும் இருமனம் அங்கு நிலவியதில் வியப்பில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இவ்விருமனத்தை நன்கு உணர்வர். உழைப்பைக் கொடுத்து ஊரை உருவாக்கியவருக்கே அவ்வூரின் வசதிகளைப் பற்றிப் பேசும் வாய்ப்பு கடைசியில் வருவது உலகெங்கும் காணும் வழக்கம்.

1896-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடன் மசோதா சட்டமாயிற்று. ஆயினும் பணம் திரட்டுவதில் தாமதம் நேர்ந்தது. 1898-ஆம் ஆண்டில்தான் மண்டாரிங் அணை வேலை தொடங்கிற்று. அடித்தளப் பாறையில் ஒரு பிளவு காணப்பட்டதால் மேலும் ஆழத் தோண்டவேண்டியதாயிற்று. குழாயைப் பற்றிய ஐயத்துக்கு ஒரு புதிய கண்டுபிடிப்பு விடையளித்தது. மெபன் பெர்குசன் என்பவர், வளைத்த இரு எஃகுத் தகடுகளை ஆணி அறையாமலே பூட்டுச் சட்டங்களால் இறுக்கிக் குழாயாக்கும் முறையைக் கண்டிருந்தார். ஆணித்தலைகள் இல்லாமையால் நீர் தடையின்றி ஓடும், கசிவும் குறையும். 28 அடி நீளமுள்ள இத்தகைய குழாய்கள் 60,000-க்கு மேல் செய்யப்பட்டு, இருப்புப்பாதையை ஒட்டியே புதைக்கப்பட்டன. குழாயோடு குழாய் சேருமிடத்தில் ஈயம் வார்த்து இடித்திறுக்கும் வேலையை முதலில் கைகளால் செய்தனர். பின்னர் அதற்கென இயந்திரம் வந்தது.

அந்த இயந்திரமே பெருஞ்சுழலுக்குக் காரணமாயிற்று. அவ்வேலை ஒரு தனியார் குழுவுக்கு ஒப்பந்தமாகத் தரப்பட்டபோது, இதில் கையூட்டு உண்டு என்ற பேச்சு எழுந்தது. தலைமைப் பொறியாளரின் கீழ்ப் பணியாற்றிய ஒருவர்மேல் குற்றச்சாட்டுகள் வந்தன. பாரஸ்டோ 1901-ஆம் ஆண்டு கூட்டாட்சி அமைந்தபோது மைய அரசாங்கத்துக்குச் சென்றுவிட்டார். அவருக்குப்பின் குறுகிய காலத்தில் அமைச்சரவைகள் அடுத்தடுத்து மாறின. ஓகானருக்கு அரணாக நிற்பார் எவரும் இல்லை. பெர்த் நகரின் 'சண்டே டைம்ஸ்' இதழ், பல காலமாகவே அவரைத் தாக்கிவந்தது. 1902-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அத்தாக்குதல் எல்லை கடந்தது. திட்டம் நன்றா தீதா என்ற விவாதம் மறைந்து, அவர் நேர்மையுடையவரா திருடரா என்னும் பழிப்பேச்சு அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. விசாரணைக் குழுவும் நியமிக்கப்பட்டது.

1902-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் காலை, பிரிமாண்டிலுக்குத் தெற்கே உள்ள கடற்கரைக்குக் குதிரையேறிச் சென்ற ஓகானர், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். தாம் எழுதிவைத்த கடிதத்தில், திட்டம் சரியானதே என்றும், வாய்ப்பிருந்தால் தாமே அதனை முடித்துவிடக்கூடும் என்றும், ஆனால் அது தம்மால் இனி இயலாது என்றும் கூறியிருந்தார். ஹெலினா அணைக்குப் பக்கச் சுவர்களை உடனே எழுப்புக என்பதும் அக்கடிதத்தில் இருந்தது. சாகும் வேளையிலும் அணையின் பாதுகாப்பையே அவர் எண்ணினார் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. பின்னர் விசாரணைக் குழு, ஓகானர் கையூட்டுப் பெற்றதற்குச் சான்று ஏதும் இல்லையென்று கண்டது. அத்தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை.

ஓராண்டு நிறைவதற்கு முன்பே நீர் சென்று சேர்ந்தது. 1902-ஆம் ஆண்டு டிசம்பரில் கூல்கார்டியையும், 1903-ஆம் ஆண்டு ஜனவரியில் கால்கூர்லியையும் அது எட்டிற்று. ஜனவரி 24-ஆம் நாள் கடும் வெயிலில், பெருங்கூட்டத்தின் முன்னிலையில் சர் ஜான் பாரஸ்ட் நீரைத் திறந்துவைத்தார். ஐந்தாண்டுகளுக்கு முன் இதே ஊரில்தான் கூட்டம் அவரைச் சூழ்ந்து கூச்சலிட்டது. இப்போது இதே ஊர் அவரை வாழ்த்திற்று. வீடுகளில் தோட்டங்கள் தோன்றின. தெருவோரம் மரங்கள் தழைத்தன. குழந்தைகள் குளிக்கும் நாள் வாரத்தில் இன்னது என்று குறிக்கவேண்டிய நிலை நீங்கிற்று.

அப்படியாயின் ஐயுற்றோர் அனைவரும் தோற்றனரா? இவ்விடத்தில் நாம் நடுநிலையோடு நோக்கவேண்டும்.

நீரை ஏற்ற இயலாது என்றவர்கள் தோற்றனர். ஆனால் தங்கம் நிலைக்காது என்றவர்கள் முற்றும் தோற்றவரல்லர். மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்க விளைவு 1903-ஆம் ஆண்டிலேயே உச்சத்தைத் தொட்டுப் பின்னர் இறங்கத் தொடங்கிற்று. எந்த ஊரின் பெயரால் திட்டம் தொடங்கப்பட்டதோ, அந்தக் கூல்கார்டி நீர் வந்த நாளிலேயே தளரத் தொடங்கியிருந்தது. ஐம்பது இலட்சம் கேலன் என்ற முழு அளவைத் தங்கவயல்கள் பல்லாண்டுகள் பயன்படுத்தவில்லை. திட்டத்தைக் காத்தது எவரும் அவ்வளவாக எதிர்பாராத ஒரு வகுப்பார்: குழாய் சென்ற வழியில் நிலத்தைத் திருத்திக் கோதுமை பயிரிட்டும் ஆடு வளர்த்தும் வாழ்ந்த உழவர். அவர்களுக்கும் வழியிலுள்ள சிற்றூர்களுக்கும் கிளைக்குழாய்கள் சென்றன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அப்பணி பெருமளவில் விரிந்தது. 1951-ஆம் ஆண்டில் மண்டாரிங் அணையும் உயர்த்தப்பட்டது. இன்றும் அத்திட்டம் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களுக்கு நீர் வழங்குகிறது.

எவரும் எழுப்பாத ஐயம் ஒன்றும் பின்னர் மெய்யாயிற்று. அணைக்கு நீர் மிகுதியாக வரவேண்டுமென்று, ஹெலினா ஆற்றின் நீர்ப்பிடிப்புக் காட்டில் பல்லாயிரம் ஏக்கர் மரங்களின் பட்டையைச் சுற்றி அறுத்துப் பட்டுப்போகச் செய்தனர். நீர் கூடிற்று, ஆனால் நீரில் உப்பும் கூடிற்று. ஆழ வேரோடிய மரங்கள் நிலத்தடி உப்பைக் கீழேயே அடக்கிவைத்திருந்தன என்பதை அப்போதுதான் உணரத் தலைப்பட்டனர். காட்டை மீண்டும் வளரவிட வேண்டியதாயிற்று.

இவை யாவினும் பெரிய குறை ஒன்று உண்டு. ஆறாண்டுக் காலம் சட்டமன்றத்திலும் செய்தித்தாளிலும் கடைத்தெருவிலும் நடந்த விவாதத்தில், அந்நிலத்தின் நீரைப் பல்லாயிரம் ஆண்டு காத்த ஆதிக்குடிகளின் கருத்தை ஒருவரும் நாடவில்லை. தங்கம் தேடியவர்களும் அவர்தம் குதிரைகளும் ஒட்டகங்களும் அவர்களுடைய பாறைக்குழி நீரை முதல் சில ஆண்டுகளிலேயே குடித்துத் தீர்த்தனர். டேவிட் கார்னெகி என்னும் பயணி, கூல்கார்டியிலிருந்து வடக்கே பாலையைக் கடந்தபோது, ஆதிக்குடிகளைப் பிடித்துக் கட்டி, உப்பிட்ட இறைச்சியைக் கொடுத்துத் தாகமூட்டி, நீர் இருக்குமிடத்தைக் காட்டச் செய்ததைத் தம் பயண நூலில் தாமே எழுதியுள்ளார். எவருடைய அறிவு வழிகாட்டியதோ, அவர்களே குழாய் வந்தபின் ஊரின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டனர். ஹெலினா ஆற்றங்கரையும் நூங்கார் என்னும் ஆதிக்குடி மக்களின் நிலமே; அணை கட்டும்போது அவர்களைக் கேட்டாரும் இல்லை. குழாயின் இரு முனைகளிலும் நிலைமை ஒன்றே.

இவ்வரலாற்றை நம் நாட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. கால்கூர்லிக்கு நீர் சென்ற காலத்தை ஒட்டியே, 1902-ஆம் ஆண்டு, காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் அங்கு மண்ணுக்கடியில் உழைத்தனர். மழை குன்றிய அவ்வூருக்குப் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது. அதே பாலாறு கீழே இறங்கித் தமிழ் நிலத்துக்கு வருவது. மேலே தேக்கினால் கீழே குறையுமோ என்னும் கவலை பழையது. மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1892-ஆம் ஆண்டு ஏற்பட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் அடங்கும். ஆகவே கோலாரில் வாழ்ந்த தமிழர், ஒரே ஆற்றின் மேல்கரையில் நீர் வேண்டுவோராகவும், கீழ்க்கரையில் நீர் குறையுமென அஞ்சுவோரின் உறவினராகவும் இருந்தனர். ஆற்றை இருபுறமிருந்தும் நோக்கும் வாய்ப்பு புலம்பெயர்ந்தோருக்கே உரியது. 2001-ஆம் ஆண்டு கோலார்ச் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் நின்றபின்னும் அங்குள்ள மக்களுக்கு நீர் வேண்டியிருக்கிறது. தங்கம் தீர்ந்தால் குழாய் யாருக்கு என்று பெர்த் நகரில் கேட்டவர்களுக்கு இதுவே விடை: தங்கம் தீரும், ஊர் தீர்வதில்லை.

இன்றும் நம் நாட்டின் வறண்ட பகுதிகளுக்குத் தொலைவிலுள்ள ஆறுகளிலிருந்து குழாய்வழி நீர் கொணரும் திட்டங்கள் பேசப்படுகின்றன. நீங்கள் வாழும் ஊரிலும் அத்தகைய பேச்சு எழக்கூடும். அப்போது ஐயுறுவோரை முன்னேற்றத்தின் பகைவர் என்று சாடுவதும் தவறு. திட்டம் வகுத்தோரைக் கள்வர் என்று சான்றின்றிப் பழிப்பதும் தவறு. எவ்வளவு நீர், என்ன செலவு, யார் கடன் சுமப்பர் என்று கேட்பது குடிமக்களின் கடமை. கூல்கார்டி வரலாற்றில் அக்கேள்விகள் திட்டத்துக்குத் தீங்கு செய்யவில்லை. மாறாக, இணைப்பில் கசியாத குழாயைத் தேடச் செய்தன. தீங்கு செய்தது சான்றில்லாத பழிச்சொல். அது ஒரு நல்ல பொறியாளரின் உயிரை வாங்கிற்று. ஒரு துளி நீரையும் கொண்டுவரவில்லை.

இவற்றோடு நாம் கேட்கவேண்டிய மற்றொரு கேள்வி உண்டு. இந்நீர் இதுவரை யாருடையதாக இருந்தது, அவர்களைக் கேட்டோமா என்பதே அது. மேற்கு ஆஸ்திரேலியர் அக்கேள்வியைக் கேட்கத் தவறினர். அவர்களுக்குப்பின் வந்த நமக்கு அவ்வரலாறு தெரிந்திருக்கிறது. ஆதலின் நாமும் அதனைக் கேளாமல் விடுவதற்கு நியாயமில்லை.